கீபோர்டில் நாதஸ்வரம், கம்ப்யூட்டரில் பியானோ: முளைப்பாரிப் பாட்டுக்குப் பதிவு செய்ய வழி கேட்கிறேன்

#1 ஒத்தக்கடை கீபோர்டு

எல்லாருக்கும் வணக்கம். மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு அப்பத்தாமார் பாடும் கும்மிப் பாட்டுகளை நல்ல தரத்தில் பதிவு செய்து வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் குரலுக்கு அடியில் கீபோர்டில் ஒரு சுருதியும், இடையிடையே கொஞ்சம் நாதஸ்வரமும் போட்டால் போதும்.

கையில் இருப்பது, இந்திய டோன்கள் உள்ள 61 கீ யமஹா பிஎஸ்ஆர், விண்டோஸ் 10 லேப்டாப், டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய பிரிண்டர் கேபிள் ஒன்று. கீபோர்டின் பின்பக்கம் 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதிய சதுர ஓட்டையில் கேபிளைச் சொருகி, லேப்டாப்பில் ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு சாஃப்ட்வேரைத் திறந்தேன்.

நாதஸ்வர டோன் வைத்து வாசித்தால் கீபோர்டு ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கேட்கிறது. ரீப்பரில் சத்தமே வரவில்லை, கோடு கோடாகத்தான் விழுகிறது. அந்த ட்ராக்கில் ஒரு பியானோ பிளக்இன் (சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் வாத்தியம்) போட்டேன், பியானோ கேட்கிறது. அதுவும் விரல் வைத்துக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. நாதஸ்வரத்தைக் கம்ப்யூட்டருக்குள் எப்படிக் கொண்டுபோவது? கேபிள் சரியில்லையா, டிரைவர் சரியில்லையா?

#2 சிம்மக்கல் ஸ்ருதி

தம்பி, கோடு விழுகிறது என்றாலே கேபிளும் டிரைவரும் ஒழுங்காக வேலை செய்கின்றன. நீங்கள் எதிர்பார்க்கிற பொருள் அந்தக் கேபிளில் வரவில்லை, அவ்வளவுதான். அதில் வருவது மிடி. எந்தக் கீ அமுங்கியது, எவ்வளவு விசையாக அமுங்கியது, எப்போது விட்டது, இந்த மூன்றும்தான் மிடியில் முக்கியமான சேதி. கீபோர்டின் நடு ஸ்தாயி 'ஸி'க்கு எண் 60. விசைக்கு 1 முதல் 127 வரை ஓர் எண். பாட்டு வாத்தியார் நோட்டில் எழுதிக் கொடுக்கும் சுரக் குறிப்பு மாதிரிதான் இது. அதை எந்த வாத்தியத்தில் வாசிப்பது என்பது நோட்டை வைத்திருப்பவர் பாடு.

நாதஸ்வரச் சத்தம் இருப்பது கீபோர்டுக்குள் உள்ள சிப்பில். மிடி வழியாக அது வெளியே வராது. கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள சத்தத்தைத்தான் போடும். 1991-ல் வந்த 'ஜெனரல் மிடி' பட்டியலில் 128 டோன்கள் உண்டு. அதில் 105 சிதார், 112 ஷெனாய். நாதஸ்வரம் கிடையாது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் பொதுவான டோன் தொகுப்பு எதைப் போட்டாலும் உங்கள் கீபோர்டு நாதஸ்வரம் அதில் இருக்காது.

உங்களுக்குத் தேவை ஆடியோ. முதலில் கீபோர்டு கையேட்டின் கடைசியில் உள்ள விவரப் பட்டியலைப் பாருங்கள். யூஎஸ்பி என்ற இடத்தில் 'ஆடியோ இன்டர்ஃபேஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ்' என்று இருந்தால் இதே பிரிண்டர் கேபிளிலேயே சத்தமும் வரும். புது மாடல்கள் பலவற்றில் அது உண்டு. மிடி என்று மட்டும் இருந்தால் ஹெட்போன் ஓட்டையிலிருந்து, சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாக எடுக்க வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

#3 ஆழ்வார்புரம் 61

அண்ணே, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பெட்டி எதற்கு? கீபோர்டு ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆக்ஸ் கேபிளை லேப்டாப் ஹெட்போன் ஓட்டைக்குப் போட்டால் ஆகாதா?

#4 சிம்மக்கல் ஸ்ருதி

ஆகாது தம்பி. இப்போதைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஓட்டை ஹெட்செட்டுக்கானது. அதில் நான்கு தொடுமுனை. இரண்டு இரு காதுகளுக்கு, ஒன்று கிரவுண்ட், மிச்சம் ஒன்றுதான் மைக். ஆக்ஸ் கேபிளில் மூன்றுதான் உண்டு. அதைச் சொருகினால் கீபோர்டின் அவுட்டும் லேப்டாப்பின் அவுட்டும் முட்டிக்கொள்ளும், மைக் முனை கிரவுண்டோடு சேர்ந்துவிடும். ஒன்றும் பதிவாகாது. மைக்கைத் தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டால் சத்தம் வரும். ஆனால் அது மோனோ. மைக் அளவுச் சத்தத்துக்காகச் செய்த இடத்தில் கீபோர்டின் பெரிய சத்தத்தைத் திணிப்பதால் கரகரக்கும். கற்றுக்கொள்ள அது போதும், இந்தப் பாட்டுகளுக்குப் போதாது.

#5 ஒத்தக்கடை கீபோர்டு

கையேட்டைப் பார்த்தேன் அண்ணே. மிடி மட்டும்தான். பெட்டி வாங்குவதென்றால் எப்படிப்பட்டது வாங்க வேண்டும்? மைக்கும் அதிலேயே போட முடியுமா?

#6 சிம்மக்கல் ஸ்ருதி

முடியும். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் ஒரு இன்புட் மைக்குக்கு, இன்னொன்று கிடாருக்கு மட்டும் என்று இருக்கும். உங்களுக்கு இரண்டு இன்புட்டுமே மைக்கும் எடுக்க வேண்டும், லைனும் (கீபோர்டு போன்றவற்றிலிருந்து வரும் பெரிய சத்தம்) எடுக்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி இரண்டும் அந்த ரகம். கீபோர்டு எடுக்கும்போது இடது வலது இரண்டும் லைனில் போகும். பாடுகிறவர்களை எடுக்கும்போது அதே இரண்டில் இரண்டு மைக்.

இனி கேபிள். இதில்தான் பலருக்கு நாள் கணக்கில் வேலை கெட்டுப்போகிறது. ஹெட்போன் ஓட்டை ஸ்டீரியோ. அதிலிருந்து ஒரு ஸ்டீரியோ பின் கேபிளை அப்படியே பெட்டியின் ஒரு லைன் இன்புட்டில் சொருகாதீர்கள். அந்த இன்புட் பேலன்ஸ்டு. இரண்டு ஒயரில் வருவதில் ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இடமும் வலமும் ஒரே மாதிரி வரும் சத்தமெல்லாம் கழிந்து, உள்ளே ஒன்றுமில்லாத கூடு போல எக்கோ மட்டும் கேட்கும். கடையில் கேட்க வேண்டியது: ஒரு முனையில் கால் இஞ்ச் ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு கால் இஞ்ச் மோனோ பின். அந்த இரண்டும் இன்புட் 1, 2-ல் போகும்.

கீபோர்டு வால்யூம் முக்கால் பங்கு. இன்டர்ஃபேஸ் திருகை உச்சச் சத்தம் ரீப்பர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள், 0-வைத் தாண்டினால் சத்தம் உடையும். 24 பிட்டில் எடுத்தால் அதற்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. 48 வோல்ட் பொத்தான் கண்டென்சர் மைக்குக்கு மட்டும். கீபோர்டு சொருகியிருக்கும்போது அதை அணைத்தே வையுங்கள்.

#7 பசுமலை கொயர்

நல்ல இழை. எங்கள் சபைக் கொயரில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. யூஎஸ்பியே இல்லை, ஐந்து பின் வட்ட ஓட்டை மட்டும்தான். ஆர்கன் டோன் அருமையாக இருக்கும். அதையும் கம்ப்யூட்டரோடு சேர்க்க முடியுமா, அல்லது காலம் முடிந்துவிட்டதா? அப்புறம், ஆடாசிட்டியில் மிடி பதிவு செய்ய எங்கே அமுக்க வேண்டும் என்று எங்கள் பையன்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

#8 சிம்மக்கல் ஸ்ருதி

ஆடாசிட்டி மிடியைப் பதிவு செய்யாது. ஆடியோவுக்கு மட்டும் அது நல்ல சாஃப்ட்வேர். மிடியும் வேண்டும் என்றால் ரீப்பர், மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். காசு கொடுத்து வாங்கத் தகுந்த சாஃப்ட்வேர் அது.

ஐந்து பின் ஓட்டையின் காலம் முடியவில்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சின்த்தசைசர் வடிவமைப்பாளர் டேவ் ஸ்மித்தின் புராஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். வெவ்வேறு கம்பெனிகளின் சின்த்தசைசர்கள் அன்றுதான் எல்லார் முன்னாலும் ஒன்றோடொன்று பேசின. அதே மொழியைத்தான் இன்றைக்கு ஒத்தக்கடைத் தம்பியின் கீபோர்டும் பேசுகிறது. இந்த வேலைக்காக 2013-ல் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ காகேஹாஷிக்கும் சேர்த்து டெக்னிகல் கிராமி கொடுத்தார்கள். ஒரு கம்பெனி தனக்கென்று பூட்டி வைத்திருந்தால் உங்கள் ஆர்கன் இன்றைக்கு ஊமையாகியிருக்கும்.

ஐந்து பின் மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு கீ அமுங்கிய சேதி போய்ச் சேர ஒரு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வாசிப்புக்கு அது தாராளம். யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்று வாங்குங்கள். அதில் 'இன்' என்று எழுதிய முனை கீபோர்டின் 'அவுட்' ஓட்டைக்குப் போக வேண்டும், 'அவுட்' முனை 'இன்' ஓட்டைக்கு. பேரைப் பார்த்து நேருக்கு நேர் சொருகினால் ஒன்றும் நடக்காது. மலிவான கேபிள் சிலவற்றில் சுரங்கள் விட்டுப்போகும், அல்லது ஒரு சுரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் நல்லதாக வாங்கிவிடுங்கள்.

ஆர்கன் டோன்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் உங்களுக்கும் அதே பதில்தான். டோன் வேண்டும் என்றால் ஆடியோ.

#9 ஒத்தக்கடை கீபோர்டு

பெட்டி வந்துவிட்டது. நாதஸ்வரம் உள்ளே வருகிறது, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கூடவே 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அந்தச் சத்தம் மாறுகிறது. பிரிண்டர் கேபிளைக் கழற்றினால் குறைகிறது, முழுக்கப் போகவில்லை.

#10 உசிலை ஒயர்மேன்

இது என் ஏரியா. உசிலம்பட்டிப் பக்கம் மைக் செட் போடுகிறேன், ஒயரிங் வேலையும் உண்டு. தம்பி, வரிசையாக ஒன்றைச் செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் போகிறதா? அப்புறம் சார்ஜரைப் போட்டு, கீபோர்டு அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரி செல் போட்டு ஓட்டுங்கள். போகிறதா? இரண்டு பதிலும் சொல்லுங்கள்.

#11 ஒத்தக்கடை கீபோர்டு

லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது இரைச்சல் சுத்தமாகப் போய்விடுகிறது அண்ணே. கீபோர்டு செல்லில் ஓடினால் பாதி குறைகிறது.

#12 உசிலை ஒயர்மேன்

அப்படியானால் கிரவுண்ட் லூப். லேப்டாப்புக்கும் கீபோர்டுக்கும் நடுவில் கிரவுண்ட் இரண்டு மூன்று வழியாகச் சேருகிறது. ஆடியோ கேபிளில் ஒன்று, பிரிண்டர் கேபிளில் ஒன்று, சுவர் பிளக் வழியாக ஒன்று. அந்த வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட்தான் உங்களுக்குச் சத்தமாகக் கேட்கிறது. மவுஸ் நகர்ந்தால் மாறுவது லேப்டாப்பின் உள் வேலைச் சத்தம் அந்த வழியாகக் கசிவதால்.

செய்ய வேண்டியது: லேப்டாப், கீபோர்டு இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகுங்கள், ஹாலில் ஒன்று உள்ளறையில் ஒன்று வேண்டாம். அதற்கும் போகாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், இல்லை அதே வேலையைச் செய்யும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ். அதுவும் கிடைக்காவிட்டால் பதிவு ஓடும் நேரம் மட்டும் லேப்டாப்பை பேட்டரியில் வையுங்கள். ஒரு பாட்டு எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது எர்த் ஒயரைக் கழற்றுவது. சத்தம் போய்விடும், உண்மைதான். ஆனால் சார்ஜரில் லீக் வந்தால் அது போக வேறு வழியில்லை, மைக்கின் இரும்பு வழியாகப் பாடுகிறவர் உதட்டுக்கு வரும். உங்கள் வேலையில் மைக்குக்கு முன்னால் நிற்பது வயதானவர்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருவிழா மேடைகளில் மைக்கைத் தொட்டு ஷாக் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கோயில் இடத்தில் எர்த் இருக்கிறதா என்று உள்ளூர் ஒயர்மேனை வைத்து மீட்டரில் பார்த்துவிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், உப்பும் கரியும் போட்ட குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில் இன்வெர்ட்டரை நம்பிப் பதிவை வைத்துக்கொள்ளாதீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை, ஸ்கொயர் வேவ் என்றால் அதன் இரைச்சல் எல்லாவற்றிலும் ஏறும்.

#13 சிம்மக்கல் ஸ்ருதி

ஒயர்மேன் அண்ணே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐந்து பின் மிடியில் இந்தத் தொல்லை வராது. சேதி வாங்கும் பக்கம் ஒரு ஆப்டோ ஐசோலேட்டர் இருக்கும். மின்சாரம் ஒளியாக மாறி, மறுபடி மின்சாரமாகித்தான் உள்ளே போகும், கிரவுண்ட் சேராது. பசுமலைக்காரரின் பழைய கீபோர்டு இந்த ஒரு விஷயத்தில் புது யூஎஸ்பியை விட மேல்.

#14 ஒத்தக்கடை கீபோர்டு

ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டதும் பெரும்பகுதி போய்விட்டது. பிரிண்டர் கேபிளையும் கழற்றிவிட்டால் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் மிடி தேவையே இல்லையா? அந்தக் கேபிளைத் தூக்கி வைத்துவிடலாமா? இன்னொன்று, அந்தத் தாமதம் ஏன் என்று யாரும் சொல்லவில்லையே.

#15 சிம்மக்கல் ஸ்ருதி

தாமதத்தை முதலில் முடித்துவிடுவோம். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சின்னச் சின்னக் கட்டுகளாகத்தான் அனுப்பும். ஒரு கட்டில் 1024 சாம்பிள் (சத்தத்தின் ஒற்றை அளவு) என்றால், நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் அது 23 மில்லி செகண்ட். 256 என்றால் ஆறுக்குள், 128 என்றால் மூன்று. இதற்கு மேல் டிரைவர் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. விண்டோஸின் சாதாரண டிரைவரில் இது எல்லாம் கூடிப்போய் விரலுக்குத் தெரியும். பெட்டியோடு வரும் ஏசியோ டிரைவரை ரீப்பரின் ஆடியோ செட்டிங்கில் தேர்ந்தெடுத்து 128-க்கோ 256-க்கோ வையுங்கள். பட்பட் என்று வெடித்தால் ஒரு படி ஏற்றுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம், அதன் தாமதத்தை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

ஆனால் இதெல்லாம் பிளக்இன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசிப்பவருக்கு. நீங்கள் கீபோர்டின் சொந்தச் சத்தத்தை எடுக்கிறீர்கள். பெட்டியில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானைப் போட்டு, ரீப்பர் ட்ராக்கில் மானிட்டரை அணைத்துவிடுங்கள். சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும். தாமதமே இல்லை.

இனி மிடி. தூக்கி வைக்காதீர்கள், இதில்தான் உங்கள் கீபோர்டின் பெரிய பலன் இருக்கிறது. ரீப்பரில் இரண்டு ட்ராக் போடுங்கள். ஒன்றில் மிடி, ஒன்றில் ஆடியோ, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும். பிரிண்டர் கேபிளால் இரைச்சல் திரும்பினால், ஒயர்மேன் அண்ணே சொன்னபடி அந்த நேரம் மட்டும் லேப்டாப்பை பேட்டரியில் வையுங்கள். வாசிப்பு முழுக்க நன்றாக வந்து ஒரே ஒரு சுரம் தவறிப் போனால், ஆடியோவில் அதை எளிதில் திருத்த முடியாது. மிடியில் அந்த ஒரு கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தினால் போதும். அப்புறம் அந்த மிடியைத் திருப்பி கீபோர்டுக்கே அனுப்புங்கள். ட்ராக்கின் மிடி அவுட்டாக உங்கள் கீபோர்டைக் காட்டினால், அது தன் நாதஸ்வர டோனிலேயே தானாக வாசிக்கும். அந்தச் சத்தத்தை லைன் வழியாக ஆடியோவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசித்தது நீங்கள், டோன் கீபோர்டுடையது, தவறிய சுரம் மட்டும் இல்லை.

இதில் இடறும் இடங்கள் சொல்கிறேன். திரும்பி வரும்போது நாதஸ்வரத்துக்குப் பதில் வேறு டோன் வந்தால் டோன் எண் பதிவாகவில்லை என்று பொருள். பதிவு ஓட ஆரம்பித்த பிறகு நாதஸ்வர டோனை ஒருமுறை பேனலில் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலான கீபோர்டுகள் அப்போது பேங்க் எண்ணையும் (டோன் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பது) டோன் எண்ணையும் மிடியில் அனுப்பும். இரண்டு விநாடி விட்டு வாசிக்க ஆரம்பியுங்கள். கையால் எண் போடுவதென்றால் கையேட்டின் டோன் பட்டியலில் பேங்க் இரண்டு எண்ணும் டோன் எண்ணும் இருக்கும். கையேடு 1-லிருந்து எண்ணும், சாஃப்ட்வேர் 0-விலிருந்து எண்ணும். பக்கத்து டோன் கேட்டால் ஒன்றைக் குறையுங்கள்.

வாசிக்கும்போதே சுரம் இரட்டையாகக் கேட்டால், ரீப்பர் உங்கள் மிடியை உடனே கீபோர்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் 'லோக்கல்' என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்தால் இரட்டை போய்விடும். வேலை முடிந்ததும் ஆன் செய்ய மறந்துவிடாதீர்கள். கச்சேரியில் போய்க் கீயை அமுக்கினால் சத்தமே வராது, மேடையில் கை நடுங்கிவிடும்.

#16 ஆழ்வார்புரம் 61

மிடியைத் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்குப் புதுசு. இவ்வளவு நாளும் மிடி என்றால் ஒரு பக்கம் மட்டும் போகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் எங்கள் வகுப்பில் எல்லாரும். நாளைக்கே காட்டுகிறேன்.

#17 தெப்பக்குளம் வயலின்

நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். தொழில்நுட்பத்தில் எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். பாட்டைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

கீபோர்டு நாதஸ்வரத்தில் கீயை மட்டும் அமுக்கி வாசித்தால் சுரங்கள் படிக்கட்டில் ஏறி இறங்குவதாகக் கேட்கும். நாதஸ்வரத்தின் உயிர் இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கிறது. பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையில் பழகுங்கள். அது பெரும்பாலும் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான் போகும், நாட்டார் மெட்டுக்கு அது போதும். நீளமாக வாசிக்காதீர்கள். அப்பத்தாமார் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சின்னப் பிடி, அவ்வளவு போதும்.

இரண்டாவது, அவர்கள் சுருதி. கும்மி கொட்டிப் பாடுகிறவர்கள் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பார்த்து ஆரம்பிக்க மாட்டார்கள். முதலில் எடுப்பவர் தொண்டைக்கு எது வருகிறதோ அதுதான் சுருதி. அது இரண்டு கீக்கு நடுவிலும் விழும். அவர்களைக் கீபோர்டுக்கு இழுக்காதீர்கள் தம்பி. தயவுசெய்து கீபோர்டை அவர்களிடம் கொண்டுபோங்கள்.

#18 பசுமலை கொயர்

டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையில் தாளம் ஓடிவிடுமே. நாங்கள் பாட்டு எடுக்கும்போது எல்லார் காதிலும் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) ஓடவிட்டுத்தான் எடுக்கிறோம். கிளிக் இல்லாமல் எடுத்துவிட்டு அதன் மேல் கீபோர்டு வாசிப்பது ரொம்பக் கஷ்டம்.

#19 தெப்பக்குளம் வயலின்

கொயருக்குக் கிளிக் பொருந்தும் ஐயா, நீங்கள் எழுதி வைத்த இசையைப் பாடுகிறீர்கள். எழுபது வயது அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி டிக் டிக் ஓடவிட்டால் அவர் பாட்டை மறந்துவிடுவார். கும்மி சூடேற ஏற வேகம் கூடும், அந்தக் கூடுதல்தான் முளைப்பாரிப் பாட்டு. அதைச் சீராக்கினால் நாம் வைத்துக் காப்பாற்றுவது வேறு எதையோ. கைத்தட்டல் இருக்கிறது. அதைக் கேட்டு வாசிக்கட்டும்.

#20 சிம்மக்கல் ஸ்ருதி

இதில் நான் டீச்சர் பக்கம். பாட்டை முதலில் எடுத்துவிடுங்கள், கிளிக் வேண்டாம், ரீப்பர் திரையில் தாளத்துக்குப் போடும் கட்டத்தையும் அணைத்துவிடுங்கள். கீபோர்டு பின்னால் வரட்டும். கை பழக நாலைந்து முறை வாசிக்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் மிடி கையில் இருக்கிறது.

சுருதிக்கு வழி: பதிவைக் கேட்டுக்கொண்டே கீபோர்டில் 'ட்யூனிங்' எண்ணை மாற்றுங்கள். சாதாரணமாக அது 440 ஹெர்ட்ஸ். 445-க்குப் போனால் ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். 453 பக்கம் போனால் சரியாக இரண்டு கீக்கு நடுவில் நிற்கும். கட்டை மாற்றத்துக்கு டிரான்ஸ்போஸ், நுண்ணிய மாற்றத்துக்கு ட்யூனிங். இந்த நுண்ணிய மாற்றம் மிடியில் போகாது, கீபோர்டின் சொந்தச் சத்தத்துக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் பியானோவையும் சேர்த்தால் அதைத் தனியாகச் சுருதி கூட்ட வேண்டும். பாட்டு போகப் போகச் சுருதி ஏறினால், ஒவ்வொரு பகுதிக்கும் ட்யூனிங் மாற்றிக் கீபோர்டைத் துண்டு துண்டாக எடுங்கள். குரலில் கை வைக்காதீர்கள்.

மைக் வைக்கும்போது அளவைக் குரலுக்குப் பார்க்காதீர்கள், கைத்தட்டலுக்குப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டும்போது குரலைவிட எவ்வளவோ மேலே எகிறும். தட்டல் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் இருந்தால் குரலும் பத்திரமாக இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கோயில் குழாய் ஸ்பீக்கரையும் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லுங்கள்.

ப்ராஜெக்டை நொடிக்கு 48,000 சாம்பிளில் ஆரம்பித்துக் கடைசி வரை அதையே வையுங்கள். நடுவில் பெட்டி 44,100-க்கு மாறி, சாஃப்ட்வேர் அதைக் கவனிக்காமல் விட்டால், அதில் எடுத்தது 48,000-ல் ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமும் கூடிக் கேட்கும். ஏற்கெனவே சுருதி நடுவில் நிற்கும் பாட்டில் இது நடந்தால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

#21 பசுமலை கொயர்

சரி, கிளிக் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். டிஸ்க் எவ்வளவு பிடிக்கும்? எங்கள் லேப்டாப்பில் இடமே இல்லை, அதனால் கேட்கிறேன்.

#22 சிம்மக்கல் ஸ்ருதி

24 பிட், 48,000, ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 17 எம்பி சொச்சம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒரு ட்ராக் 86 எம்பி. மிடி சில கேபிதான். பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள், லேப்டாப்பில் எடுத்து அப்புறம் மாற்றுங்கள்.

#23 ஒத்தக்கடை கீபோர்டு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் முதல் பதிவு. குரல் மட்டும். கீபோர்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், டீச்சர் சொன்னதற்குப் பிறகு அதுதான் சரி என்று படுகிறது. எர்த் பார்க்க ஊர் ஒயர்மேனிடம் சொல்லியாயிற்று. இரண்டு மைக் இருக்கிறது, ஸ்டாண்ட் ஒன்றுதான் இருக்கிறது. மதுரைக்குள் யாரிடமாவது வாடகைக்குக் கிடைக்குமா?

#24 சிம்மக்கல் ஸ்ருதி

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குரல் ட்ராக்கை எக்கோ, எஃபெக்ட் எதுவும் போடாமல், கீபோர்டு கலக்காமல், தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். ஃபைல் பெயரிலேயே பாட்டின் முதல் வரி, எடுத்துப் பாடியவர் பெயர், ஊர், தேதி நாலும் இருக்கட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில். கீபோர்டை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வாசிக்கலாம்.

#25 உசிலை ஒயர்மேன்

வாடகையெல்லாம் வேண்டாம் தம்பி. என்னிடம் கனமான அடித்தட்டு உள்ள ஸ்டாண்ட் இரண்டு சும்மா இருக்கிறது, கும்மி ஆடும்போது தரை அதிர்ந்தாலும் அசையாது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், ஆரப்பாளையத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மைக் பிடிப்பான் உங்கள் மைக்குக்குச் சேருமா என்று அளவை இன்றைக்கே அனுப்புங்கள்.